தக்கலையில் இருந்துகொண்டு ஒரு லக்கோட்டா வீரரின் குடும்பத்தைத் தேடுவது எப்படி

வீரரை முதலில் தேடாதீர்கள். அவர் பெண்டாட்டியைத் தேடுங்கள், கூடப்பிறந்தவர்களைத் தேடுங்கள், பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்பட்ட பிள்ளையைத் தேடுங்கள். லக்கோட்டா என்பவர்கள் வட அமெரிக்கப் பழங்குடி மக்கள். அவர்களுடைய வீரர்களைப் பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதியவர்கள் அநேகமாக அவர்களோடு சண்டை போட்ட பட்டாளத்துக்காரர்கள், இல்லையென்றால் பத்திரிகைக்காரர்கள். அவர்கள் எழுத்தில் வருகிற வீரருக்கு ஒரு குதிரை இருக்கும், ஒரு துப்பாக்கி இருக்கும், அம்மா இருக்க மாட்டாள். அம்மா வேறு காகிதத்தில் இருக்கிறாள்: ரேஷன் பட்டியலில், குடும்பக் கணக்கெடுப்பில், நிலப் பத்திரத்தில், வாரிசு விசாரணையில். இந்த மாதிரிக் காகிதங்களோடு ஆயுசைக் கழித்தவள் நான். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

தக்கலையில் ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், எழுதிக் கொடுப்பது எங்கள் அப்பா காலத்திலிருந்து வீட்டுத் தொழில். கொல்லம் ஆண்டு போட்ட பழைய திருவிதாங்கூர் ஆதாரங்களைப் படித்து, யாருக்குப் பிறகு யார் என்று கொடிவழி வரைந்து கொடுப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. லக்கோட்டாவுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்றால், தங்கை மகள் சவுத் டக்கோட்டா மாநிலத்தில் நர்ஸ். (நம்ம மாவட்டத்தில் நர்ஸ் இல்லாத குடும்பம் எது?) போய்ச் சேர்ந்த புதிதில் ஒருநாள் போனில், "பெரியம்மா, இங்க உள்ளவங்களும் நம்மள மாதிரியாக்கும். சித்தப்பாவையும் அப்பான்னுதான் விளிக்காங்க" என்றாள். அதிலிருந்து பிடித்த பைத்தியம்.

கடல் கடந்து இருந்துகொண்டு இதெல்லாம் ஆகிற காரியமா என்று கேட்காதீர்கள். லாங் உல்ஃப் என்ற லக்கோட்டா வீரர், பஃபலோ பில் என்ற அமெரிக்கர் ஊர் ஊராக நடத்திய காட்சிக்குழுவோடு போய் 1892-ல் லண்டனில் இறந்தார். பிராம்ப்டன் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். நூறு வருஷம் கழித்து, வரலாற்றுப் படிப்புக்கும் தனக்கும் தொடர்பே இல்லாத ஒரு இங்கிலாந்துக்காரப் பெண்மணி கடிதம் எழுதி எழுதியே அவருடைய சந்ததியைக் கண்டுபிடித்தார். 1997-ல் லாங் உல்ஃபின் உடல் சொந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண்மணியிடம் இன்டர்நெட்டும் இப்போது போல இல்லை.

எந்தக் கூட்டம், எந்த ஏஜென்சி

பெயரை மட்டும் வைத்துத் தேட ஆரம்பித்தால் காட்டில் விட்ட மாதிரி ஆகும். முதலில் இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும். எந்தக் கூட்டம்? எந்த ஏஜென்சி?

லக்கோட்டாவில் ஏழு பிரிவு: ஒக்லாலா, சிசாங்கு, ஹங்க்பாபா, மினிகொன்ஜு, இதாசிப்சோ, ஊஹேனும்பா, சிஹாசாபா. அமெரிக்க அரசாங்கம் இவர்களை ஒதுக்கிடங்களில் அடைத்தபோது ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏஜெண்டை வைத்தது. அவருடைய அலுவலகம்தான் ஏஜென்சி. ஒக்லாலா என்றால் பைன் ரிட்ஜ், சிசாங்கு என்றால் பெரும்பாலும் ரோஸ்பட், ஹங்க்பாபா என்றால் ஸ்டாண்டிங் ராக், மினிகொன்ஜு என்றால் செயென் ரிவர். பழைய காகிதங்களில் எல்லாருக்கும் பொதுவாகச் 'சூ' என்றுதான் போட்டிருக்கும். தேடும்போது அந்தச் சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிவுக்கு உள்ளே 'தியோஷ்பாயே' என்று ஒன்று உண்டு. ஒரு தலைவரைச் சுற்றி உறவுமுறையாகச் சேர்ந்து வாழும் குடும்பக் கூட்டம் அது. ஆரம்பகாலக் கணக்கெடுப்பில் பல ஏடுகளை இந்தக் கூட்டங்களின்படியே எழுதியிருக்கிறார்கள். அதனால் உங்கள் ஆளுக்கு முன்னும் பின்னும் எழுதப்பட்டிருக்கும் பெயர்களையும் குறித்து வையுங்கள். பக்கத்துக் கூடாரம் பெரும்பாலும் சொந்தக்காரர் கூடாரம்.

ஒரு குடும்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு சொன்னால்தான் விளங்கும். டூயி பியர்ட் என்பவரை எடுத்துக்கொள்வோம். லக்கோட்டாவில் அவர் பெயர் வசு மாசா. ஆங்கிலக் காகிதங்களில் அயர்ன் ஹெயில். மினிகொன்ஜு. 1876 ஜூன் 25-ல் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் கஸ்டர் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரியின் படையை எதிர்த்த சண்டையில் இளவட்டமாக இருந்தார். 1890 டிசம்பர் 29-ல் வூண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்கப் பட்டாளம் லக்கோட்டாக்களைச் சுட்டுக்கொன்ற படுகொலையில் குண்டடி பட்டுப் பிழைத்தார். அப்பா, அம்மா, மனைவி எல்லாரையும் அங்கே பறிகொடுத்தார். 1955-ல் இறந்தார். லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் இருந்த லக்கோட்டாக்களில் கடைசியாக உயிரோடு இருந்தவர் அவர்தான் என்று சொல்கிறார்கள்.

அவருடைய தம்பி ஒருவர் பெயர் ஜோசப் ஹார்ன் கிளவுட். இன்னொரு சகோதரர் டேனியல் ஒயிட் லான்ஸ். ஒரு தகப்பன் பிள்ளைகள், மூன்று பேருக்கும் மூன்று குடும்பப்பெயர்! அப்பாவின் பெயர் ஹார்ன் கிளவுட். அது ஜோசப்புக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது. வெள்ளைக்கார ஏஜெண்ட் அன்றைக்கு யாரை என்ன பெயரில் கேட்டு எழுதினாரோ அதுவே பிற்பாடு குடும்பப்பெயர் ஆகிவிட்டது. 'டூயி' என்பதும் அமெரிக்கக் கடற்படை அட்மிரல் ஒருவரின் பெயரிலிருந்து எடுத்துக்கொண்டது. இனிஷியலை வைத்துப் பிழைக்கும் நமக்கு இது பெரிய அதிர்ச்சி இல்லை. ஆனால் அமெரிக்க வம்சாவளி வலைத்தளங்கள் குடும்பப்பெயரை வைத்தே ஆளைக் கோர்க்கும். அந்த மென்பொருள் போடுகிற மரத்தை நம்பினால் இந்த மூன்று பேரும் மூன்று வீட்டுக்காரர் ஆகிவிடுவார்கள்.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. ஒரே பெயர், வேறு ஆள். ஷார்ட் புல் இரண்டு பேர்: ஒருவர் ஒக்லாலா, ஹீ டாக் என்ற பேர்பெற்ற வீரரின் சகோதரர், மற்றவர் சிசாங்கு, ஆவி நடனம் என்ற மத இயக்கத்தில் முன்னணியில் இருந்தவர். அமெரிக்கன் ஹார்ஸ் இரண்டு பேர்: ஒருவர் 1876 செப்டம்பரில் ஸ்லிம் பியூட்ஸ் சண்டையில் பட்ட காயத்தால் இறந்தார், மற்றவர் 1908 வரை இருந்தார். பெயரைப் பிள்ளைக்குக் கைமாற்றிவிடும் வழக்கமும் உண்டு. கிரேஸி ஹார்ஸ் என்ற பேர்பெற்ற ஒக்லாலா வீரரின் அப்பா பெயரும் கிரேஸி ஹார்ஸ்தான். மகன் தலையெடுத்ததும் பெயரை அவனுக்குக் கொடுத்துவிட்டு அப்பா வேறு பெயர் வைத்துக்கொண்டார். ஆகவே ஒவ்வொரு ஆளுக்கும் நோட்டில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். தலைப்பில் லக்கோட்டாப் பெயர், அதன் எழுத்து வேறுபாடுகள், ஆங்கிலப் பெயர்கள், ஞானஸ்நானப் பெயர், எந்த ஏஜென்சி, எந்த வருஷம். ஒரு பெயருக்கு ஒரு பக்கம் என்று போடாதீர்கள். ஆளுக்கு ஒரு பக்கம்.

கணக்கெடுப்பு ஏட்டைப் படிக்கிற விதம்

1884 ஜூலை 4-ல் வந்த சட்டப்படி ஏஜெண்டுகள் வருஷா வருஷம் குடிக்கணக்கு அனுப்ப வேண்டும். 1885-லிருந்து 1940 வரையான அந்த ஏடுகள் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் எம் 595 என்ற எண்ணில் 692 மைக்ரோஃபிலிம் சுருள்களாக இருக்கின்றன. காப்பகத்தின் இணையப் பட்டியலிலும் ஃபேமிலிசர்ச் தளத்திலும் வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். ஃபேமிலிசர்ச்சில் கணக்குத் தொடங்கக் காசு கிடையாது.

பெட்டியில் பெயரைத் தட்டித் தேடினால் ஏதாவது கிடைக்கும், ஆனால் அதோடு நிற்காதீர்கள். அந்தத் தேடல் அட்டவணையைத் தயாரித்தவர்கள் கையெழுத்தைப் பார்த்து ஊகித்தவர்கள். ஏஜென்சியைத் தேர்ந்தெடுங்கள், வருஷத்தைத் தேர்ந்தெடுங்கள், ஏட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டுங்கள். பல ஏடுகளில் கட்டங்கள் இப்படி ஓடும்: வரிசை எண், லக்கோட்டாப் பெயர், ஆங்கிலப் பெயர், உறவு, ஆணா பெண்ணா, வயது. லக்கோட்டாப் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். ஒரு வருஷம் ஒரே சொல்லாக இருப்பது அடுத்த வருஷம் இரண்டாகப் பிரிந்திருக்கும், நடுவில் ஒரு கோடு விழுந்திருக்கும். 1930-களில் வந்த அச்சுப் படிவங்களில் இன்னும் கூடுதலாகப் பிறந்த தேதி போன்ற விவரங்கள் வருகின்றன.

நான் செய்வது இது. நீள நோட்டில் பென்சிலால் குறுக்கே வருஷங்களையும் நெடுக்கே வீட்டு ஆட்களையும் போட்டுக் கட்டம் கட்டுவேன். ஒரு வருஷ ஏடு, ஒரு பத்தி. வயதை அப்படியே எடுத்து எழுதி, பக்கத்தில் அதைக் கழித்து வரும் பிறந்த வருஷத்தைச் சிவப்பில் போடுவேன். ஒரு பேச்சுக்கு, 1892-ல் 30, 1896-ல் 32, 1901-ல் 40 என்று இருந்தால் பிறந்த வருஷம் 1862, 1864, 1861 என்று மாறி மாறி வரும். இதில் எது சரி என்று மண்டையை உடைக்க வேண்டாம். '1861-64' என்று எழுதிவிட்டுப் போங்கள். டூயி பியர்ட்டின் பிறந்த வருஷமே 1858 என்றும் அதற்குச் சில வருஷம் பின்னால் என்றும் இருவிதமாக எழுதப்படுகிறது.

இந்தக் கட்டத்தில் கண்ணில் படவேண்டியது நிரம்பிய இடத்தைவிடக் காலி இடம். ஒரு பையன் நாலு வருஷம் வந்து ஐந்தாம் வருஷம் காணோம் என்றால் இறந்தானா, பள்ளிக்கூடத்துக்குப் போனானா, பெரியப்பா வீட்டுக்கு மாறினானா? ஒரு பெண் காணோம் என்றால் கல்யாணம் ஆகி வேறு வீட்டில் வந்திருப்பாள். ஹார்ன் கிளவுட் குடும்பத்தை 1890-க்கு முன்னால் செயென் ரிவரில் தேட வேண்டும். பிக் ஃபுட் என்ற தலைவரோடு தெற்கே போன மினிகொன்ஜுக் கூட்டம் அது. வூண்டட் நீயில் மிஞ்சியவர்களில் பலரைப் போல இந்தச் சகோதரர்களும் பிறகு பைன் ரிட்ஜிலேயே தங்கிவிட்டார்கள். ஒரு ஏஜென்சி ஏட்டில் மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் குடும்பம் வானத்திலிருந்து குதித்த மாதிரி இருக்கும்.

இரண்டு மனைவி உள்ள வீடுகளில் கவனம் வேண்டும். அக்கா தங்கையைச் சேர்த்துக் கட்டுவது அங்கே வழக்கமாக இருந்தது. ஏஜெண்டுகளுக்கும் பாதிரிமார்களுக்கும் அது பிடிக்காது. அதனால் இரண்டாவது பெண்டாட்டி பின்னால் தனி வீட்டுக்காரியாகவோ வேறு உறவாகவோ எழுதப்பட்டிருக்கலாம்.

உறவுமுறையில் நமக்குள்ள லாபம்

இங்கேதான் நாம் வெள்ளைக்கார ஆராய்ச்சியாளர்களை விட ஒரு படி மேலே நிற்கிறோம்.

லக்கோட்டாவில் அப்பா 'ஆத்தே'. அப்பாவின் சகோதரரும் ஆத்தேதான். அம்மா 'இனா', அம்மாவின் சகோதரியும் இனாதான். அம்மாவின் சகோதரர் மட்டும் 'லெக்ஷி', அப்பாவின் சகோதரி 'துன்வின்'. அதாவது தாய்மாமனும் அத்தையும் தனி முறை. பெரியப்பா பிள்ளையும் சின்னம்மா பிள்ளையும் அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி. மாமா பிள்ளைக்கும் அத்தை பிள்ளைக்கும் வேறு சொல். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க அறிஞர் 1871-லேயே வட அமெரிக்கப் பழங்குடிகளின் உறவுமுறையையும் தமிழர் உறவுமுறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு எழுதிவிட்டார்.

உடனே லக்கோட்டாவும் தமிழும் ஒரு தாய் மக்கள் என்று யூடியூப்பில் கிளம்பிவிடாதீர்கள், மக்களே. இந்த முறை உலகத்தில் பல இடங்களில் உண்டு, மொழிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம்ம முறைப்பெண் வழக்கத்தையும் அங்கே கொண்டுபோய் ஒட்டக் கூடாது. நெருங்கிய சொந்தத்துக்குள் கல்யாணம் அவர்களுக்கு ஆகாது.

இதனால் வேலைக்கு என்ன பயன்? ஒரு பழைய வாக்குமூலத்தில் 'என் அப்பா அன்றைக்குச் சுடப்பட்டார்' என்று இருக்கிறது. கணக்கெடுப்பிலோ அந்த மனிதரின் அப்பா அதற்குப் பின்னும் உயிரோடு இருக்கிறார். வெள்ளைக்கார எழுத்தாளர் இதைப் பார்த்துச் 'சாட்சி நம்பத்தக்கவர் அல்ல' என்று ஓரத்தில் குறித்துவிட்டுப் போவார். நாம் கேட்க வேண்டியது, 'எந்த அப்பா, பெரியப்பாவா சித்தப்பாவா?' என்பதுதான். அதேபோல ஆங்கிலத்தில் 'கசின்' என்று வந்தால் அதை அப்படியே கொடிவழியில் போடக் கூடாது. எந்த வழிக் கசின் என்று தெரிகிற வரைக்கும் புள்ளிக்கோடுதான். 'நெஃப்யூ' என்று வந்தாலும் அப்படியே. ஹீ டாக்கை ரெட் கிளவுட் என்ற ஒக்லாலாத் தலைவரின் நெஃப்யூ என்று எழுதுவார்கள். ஹீ டாக்கின் அம்மா ரெட் கிளவுட்டின் சகோதரி. அப்படியானால் தாய்மாமனும் மருமகனும். மருமக்கள்வழியில் சொத்துப் பிரித்த நாஞ்சில் நாட்டு ஆதாரங்களைப் படித்தவளுக்கு மாமன் மருமகன் என்றால் எத்தனை கனம் என்று தெரியும். லக்கோட்டாவில் சொத்து அந்த வழியில் போகாது, ஆனால் முறையின் கனம் குறையாது.

இன்னொன்று, 'ஹுங்கா' என்ற சடங்கு. ரத்த சம்பந்தம் இல்லாதவரை முறைப்படி உறவாக ஏற்றுக்கொள்வது. அதற்குப் பிறகு அவர் அண்ணன் என்றால் அண்ணன்தான். கொடிவழியில் ஹுங்கா உறவுக்கு நான் இரட்டைக் கோடு போடுகிறேன்.

நிலமும் வாரிசும்

என் கருத்தில் எல்லாக் காகிதங்களுக்கும் ராஜா இதுதான். 1887-ல் வந்த டாஸ் சட்டம் பொதுவில் இருந்த பழங்குடி நிலத்தை ஆளுக்கு இத்தனை ஏக்கர் என்று துண்டு போட வழி செய்தது. 1889-ல் இன்னொரு சட்டம் லக்கோட்டாக்களின் பெரிய ஒதுக்கிடத்தையே உடைத்துச் சிறு சிறு ஒதுக்கிடங்கள் ஆக்கியது. பைன் ரிட்ஜில் துண்டு போடும் வேலை 1904-ல் தொடங்கியது. அநியாயமான வேலை. மிஞ்சிய நிலம் வெள்ளைக்காரக் குடியேறிகளுக்குப் போனது. ஆனால் தேடுகிறவருக்கு அது விட்டுச்சென்ற காகிதம் ஏராளம். ஒவ்வொருவருக்கும் தனி ஒதுக்கீட்டு எண், புருஷனுக்கு ஒன்று, பெண்டாட்டிக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று. அடுத்தடுத்த எண்களை எடுத்துப் பார்த்தால் குடும்பம் வரிசையாக நிற்கும். அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் பொது நிலப் பதிவுத் தளத்தில் மாநிலத்தையும் பெயரையும் கொடுத்தால் பட்டாவின் படமே திறக்கும். எந்த டவுன்ஷிப், எந்தச் செக்ஷன் என்பதையும் அதில் பார்க்கலாம். சர்வே நம்பரும் உட்பிரிவும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

அந்த நிலத்தை வைத்திருந்தவர் இறந்தால்? 1910 ஜூன் 25-ல் வந்த சட்டம் வாரிசு யார் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை உள்துறைச் செயலருக்குக் கொடுத்தது. அதற்காக விசாரணை நடத்தினார்கள். சாட்சிகளை உட்கார வைத்து, இறந்தவர் எத்தனை கல்யாணம் செய்தார், லக்கோட்டா வழக்கப்படியா கோயிலிலா, ஒவ்வொரு மனைவிக்கும் எத்தனை பிள்ளை, எது உயிரோடு, எது செத்தது, கூடப்பிறந்தவர் யார் யார் என்று ஒன்றுவிடாமல் கேட்டு எழுதினார்கள். நம்ம தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றுக்கு அக்கம்பக்கத்தாரை விசாரிக்கிறார்களே, அதே காரியம், ஆனால் பக்கம் பக்கமாக. போர்க்களத்தில் கொடிகட்டிப் பறந்த ஒருவர், குழந்தையிலேயே இறந்த தன் மகள்களின் பெயரைச் சொல்லி அழியாமல் வைத்த ஒரே இடம் இந்த மாதிரி ஒரு கோப்பாக இருக்கலாம். வீரரின் கோப்பு கிடைக்காவிட்டால் அவர் தம்பி கோப்பைக் கேளுங்கள், விதவையின் கோப்பைக் கேளுங்கள். சாட்சி சொன்னவர்களில் உங்கள் ஆள் இருப்பார்.

சவுத் டக்கோட்டா ஏஜென்சிகளின் பழைய கோப்புகள் கன்சாஸ் சிட்டியில் உள்ள தேசியக் காப்பகக் கிளையில் இருக்கின்றன. மின்னஞ்சலில் கேட்கலாம். நகலுக்குக் கட்டணம் உண்டு. பதிவுத் தொகுதி 75 (Record Group 75) என்பது அமெரிக்க இந்தியர் விவகாரத் துறைக் கோப்புகள் (பழங்குடிகளை அங்கே 'இந்தியர்' என்பார்கள்). அதையும் ஏஜென்சிப் பெயரையும் ஒதுக்கீட்டு எண்ணையும் முதல் வரியிலேயே போடுங்கள்.

நிலத்தின் கதை அங்கே நிற்காது. 1942-ல் அமெரிக்கப் போர்த்துறை குண்டுவீச்சுப் பயிற்சிக்கென்று பைன் ரிட்ஜின் வடமேற்கில் ஏறத்தாழ 3,40,000 ஏக்கரை எடுத்துக்கொண்டது. கிளம்புங்கள் என்று குடும்பங்களுக்குக் கொடுத்த அவகாசம் சொற்பம். அதில் டூயி பியர்ட் குடும்பமும் ஒன்று. வூண்டட் நீயில் தப்பித்த மனிதர் எண்பது வயது தாண்டிய பிறகு மறுபடி வீட்டைக் காலி செய்திருக்கிறார்! சண்டையை மட்டும் தேடுகிறவர்கள் 1890-ல் புத்தகத்தை மூடிவிடுவார்கள். நிலத்தைத் தொட்டுக்கொண்டு போனால்தான் இந்த 1942 வருகிறது.

வாயால் சொன்னவை

ஈலை ரிக்கர் என்று நெப்ராஸ்காவில் ஒரு நீதிபதி. 1903 வாக்கில் தொடங்கி, சண்டையில் இருந்த இரு தரப்பாரையும் தேடிப் போய்ப் பேட்டி எடுத்தார். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட தாள்கட்டுகளில் அவர் எழுதிக் குவித்தவை லிங்கனில் உள்ள நெப்ராஸ்கா வரலாற்றுக் கழகத்தில் இருக்கின்றன. ஜோசப் ஹார்ன் கிளவுட்டும் டூயி பியர்ட்டும் வூண்டட் நீயைப் பற்றி அவரிடம் விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே நாளை ஒரே வீட்டார் இருவர் சொல்வதைப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். 1930-ல் எலினார் ஹின்மன் என்ற இளம்பெண் பைன் ரிட்ஜுக்குப் போய் ஹீ டாக், ஷார்ட் புல், கிரேஸி ஹார்ஸின் மைத்துனர் ரெட் ஃபெதர் முதலானவர்களிடம் பேசி எழுதி வந்தார். தானும் கிரேஸி ஹார்ஸும் ஒரே வருஷம் ஒரே பருவத்தில் பிறந்தவர்கள் என்று ஹீ டாக் சொன்னது அதில்தான். வால்டர் கேம்ப் என்ற ரயில்வே பத்திரிகைக்காரர் லிட்டில் பிக்ஹார்னில் இருந்தவர்களைத் தேடித் தேடிக் கேட்டார். 1938-ல் டூயி பியர்ட் வாஷிங்டனுக்குப் போய், வூண்டட் நீக்கு நஷ்டஈடு கேட்ட மசோதாவுக்காக நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். மசோதா நிறைவேறவில்லை, சாட்சியம் அச்சில் இருக்கிறது.

இவற்றைப் படிக்கும்போது சொன்னவர் யார் என்பதோடு நின்றுவிடாதீர்கள். மொழிபெயர்த்தவர் யார், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார், கேட்டவருக்கு என்ன தேவை என்று ஒவ்வொரு பேட்டிக்கும் தலைப்பில் எழுதுங்கள். சரணடைந்த கொஞ்ச நாளில் ராணுவ அதிகாரிக்குச் சொன்னதும், முப்பது வருஷம் கழித்துச் சொந்த வீட்டில் உட்கார்ந்து சொன்னதும் ஒன்றாக இருக்க முடியாது.

கல்லில் எழுதியதும் உண்டு. வூண்டட் நீயில் ஒரே குழியில் 146 பேரைப் புதைத்தார்கள். அந்த இடத்தில் 1903-ல் உறவினர்களே நினைவுக்கல் நட்டார்கள், ஜோசப் ஹார்ன் கிளவுட் முன்நின்று செய்த காரியம் அது. இறந்தவர்களின் பெயர்கள் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன, அவருடைய அப்பா பெயரும். கல்லின் படங்களை இணையத்தில் பெரிதாக்கிப் படித்து, ஒவ்வொரு பெயரையும் 1890-க்கு முந்தைய செயென் ரிவர் ஏட்டோடு ஒத்துப் பாருங்கள். மெனக்கெட்ட வேலைதான். ஆனால் குடும்பத்தின் கையால் எழுதப்பட்ட பட்டியல் இந்த ஆராய்ச்சியில் அபூர்வம்.

கோயில், பள்ளிக்கூடம், மற்றவை

கோட்டாறு பக்கமும் கடற்கரை ஊர்களிலும் ஞானஸ்நானப் பதிவேட்டின் அருமை தெரியும். பைன் ரிட்ஜில் ஏசுசபைக்காரர்கள் 1888-ல் ஹோலி ரோசரி மிஷனைத் தொடங்கினார்கள். எபிஸ்கோபல் சபையும் பிரஸ்பிட்டேரியன் சபையும் இருந்தன. கத்தோலிக்க மிஷன் ஆவணங்களில் பெரும்பகுதி மில்வாக்கியில் மார்க்கெட் (Marquette) பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பதிவேட்டில் ஞானப்பெற்றோர் பெயரையும் விடாமல் எழுதுங்கள். பிளாக் எல்க் என்ற பெரிய வைத்தியர் 1904 டிசம்பர் 6-ல் ஞானஸ்நானம் பெற்று நிக்கோலஸ் ஆனார், பிறகு உபதேசியாராகவே இருந்தார். சிறுவனாக லிட்டில் பிக்ஹார்னில் இருந்தவர், 1887-ல் பஃபலோ பில்லோடு இங்கிலாந்து போனவர், உபதேசியார் என்று மூன்று காகிதங்களில் வருவது ஒரே ஆள்தான்.

பிள்ளைகளுக்கு, பென்சில்வேனியாவில் 1879 முதல் 1918 வரை நடந்த கார்லைல் பள்ளியின் மாணவர் கோப்புகளை டிக்கின்சன் கல்லூரி இலவசமாக இணையத்தில் ஏற்றியிருக்கிறது. அட்டைகளில் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று ஒரு கட்டம் உண்டு. சில கோப்புகளில் வீட்டிலிருந்து வந்த கடிதங்கள் இருக்கின்றன. மெதுவாகப் படியுங்கள், மனசு கனக்கும்.

காலத்துக்கு, குளிர்காலக் கணக்கு என்ற ஓவிய வரலாறுகள். ஒரு வருஷத்துக்கு ஒரு சித்திரம். ஸ்மித்சோனியன் தளத்தில் பல இருக்கின்றன. அவர்கள் வருஷம் ஒரு முதல் பனிப்பொழிவிலிருந்து அடுத்த முதல் பனிப்பொழிவு வரை. கொல்லம் ஆண்டைப் போலவே இது நம் காலண்டரில் இரண்டு வருஷத்தில் விழும். கோயில் நுழைவு விளம்பரம் கொல்லம் 1112 துலாம் 27 என்றால் 1936 நவம்பர். அதே 1112-ன் கடைசி மாதங்கள் 1937. இங்கேயும் '1833-34' என்று இரட்டையாகவே எழுதுங்கள். அந்த வருஷத்தைப் பிடித்துக்கொள்வதும் நல்லது: 1833 நவம்பரில் பெய்த பெரிய எரிகல் மழையை ஏராளமான கணக்குகள் நட்சத்திரம் விழுந்த வருஷம் என்று வரைந்திருக்கின்றன. அதிலிருந்து முன்னும் பின்னும் எண்ணலாம்.

புகைப்படத்தைக் கடைசியில் பாருங்கள். படத்துக்குக் கீழே எழுதிய பெயர் சாட்சி ஆகாது. கிரேஸி ஹார்ஸ் என்று சுற்றும் படங்களில் ஒன்றுகூட உறுதிப்படவில்லை.

அவர்களிடம் எழுதிக் கேட்பது

கேட்காமல் முடிக்கக் கூடாது, முதலிலேயே போய்க் கேட்கவும் கூடாது. கைல் என்ற ஊரில் ஒக்லாலா லக்கோட்டா கல்லூரி இருக்கிறது, அதன் நூலகத்தில் ஆவணக் காப்பகமும் உண்டு. அவர்களுக்கு எழுதும்போது நீங்கள் யார், எந்த ஊர், எதற்குத் தேடுகிறீர்கள் என்று நாலு வரி. பிறகு ஒரே ஒரு ஆளைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. இதுவரை எந்தெந்த ஏடு பார்த்தீர்கள் என்ற பட்டியலையும் இணையுங்கள். 'உங்களிடம் உள்ளதை எல்லாம் அனுப்புங்கள்' என்று எழுதுகிறவருக்கு யாரும் பதில் போட மாட்டார்கள். என் கடிதங்களின் ஆங்கிலத்தைத் தங்கை மகள்தான் பார்த்துத் திருத்துகிறாள். போனில் பேசுவதானால், அங்கே காலை 9 மணி என்பது நமக்குக் குளிர்காலத்தில் இரவு 9:30, கோடையில் 8:30.

உயிரோடு இருப்பவர்களின் பெயரைக் கொடிவழியில் போட்டு வெளியே விடாதீர்கள். சடங்கு, கனவு, கல்லறை பற்றிக் குடும்பத்தார் எதையாவது சொல்ல வேண்டாம் என்றால் அந்த இடத்தை வெறுமனே விடுங்கள், காரணம் கேட்காதீர்கள். வேலை முடிந்ததும் கொடிவழியின் ஒரு பிரதியையும் எந்த ஏட்டில் எந்தப் பக்கம் என்ற குறிப்பையும் அந்தக் கல்லூரிக்கே அனுப்பிவையுங்கள். புள்ளிக்கோடு போட்ட இடங்களை மறைக்காமல் அப்படியே அனுப்புங்கள். அந்தக் கசின் மாமன் மகனா பெரியப்பா மகனா என்று சொல்லக்கூடியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.